கைவினையைப் புகழ்வோரும் கைகளை மறப்போரும்

‘கையால் செய்தது’ என்று சொல்லிப் பொருள்களை விற்பது இன்றைய உலகச் சந்தையில் பெரிய வியாபாரமாகிவிட்டது. இவ்விரு சொற்களும் பொருளின் விலையை ஏற்றுகின்றன. வாங்குபவனுக்கு ஒரு பெருமிதத்தையும் கொடுக்கின்றன. ஆனால், யாருடைய கையால், எத்தனை நாளில், எந்தக் கூலிக்கு என்ற வினாக்களை அவை எழுப்புவதில்லை. அவ்வினாக்கள் எழாதவாறு மூடி மறைப்பதே அவற்றின் வேலையாகவும் இருக்கின்றது. கையைப் போற்றிக்கொண்டே கைக்குரியவரை மறைக்கும் இந்த வித்தைக்குக் கலைப்பற்று, மரபுப்பற்று என்றெல்லாம் பெயர் சூட்டப்படுகின்றது. மக்கள் கலையைப் பற்றிப் பேசும் நாம் இந்த வித்தையைக் கண்டும் காணாதார்போல் இருத்தல் தகாது.

வாதத்தை வெறுங் காற்றிலே நடத்துவதில் பயனில்லை. ஒரு தொழிலை எடுத்து நோக்குவோம். மத்திய ஆசியாவில், தியான்ஷான் மலைத்தொடரின் மடியிலே கிடப்பது கிர்கீசிய நாடு. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வையும் ‘முதல் ஆசிரிய’ரையும் தமிழிற் படித்த நமது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அம்மலைநாடு முற்றிலும் அந்நியமானதன்று. அந்நாட்டுப் பெண்கள் செம்மறியாட்டு மயிரிலிருந்து ஒருவகைக் கம்பளம் செய்கிறார்கள். அதற்குத் தறி வேண்டுவதில்லை; நூலிழைத்து நெய்வதுமில்லை. மயிரை மயிரோடு பிணைத்துத் தகடாகத் திரட்டுவதே முறை. ஆங்கிலேயர் இதனை ஃபெல்ற் என்பர். கிர்கீசியர் கியீஸ் என்பர். காஷ்மீரத்தில் நம்தா என்பர். நாம் திரட்டுக்கம்பளி என்று வழங்குவோம்.

இதன் செய்முறையைச் சற்று விரிவாகவே அறிதல் வேண்டும். ஏனெனில் கைவினைப் பக்தர்கள் விட்டுவிட்டுப் போகும் பகுதி இதுதான். ஆட்டிலிருந்து கத்தரித்த மயிரில் சாணமும் முள்ளும் கொழுப்பும் ஒட்டியிருக்கும். அழுக்கைப் பொறுக்கியபின் மயிரைத் தோலின்மேல் குவித்து, இரு கைகளிலும் நீண்ட கோல்கள் ஏந்திப் பெண்கள் அடிப்பார்கள். தூசி பறக்கும், கட்டியாய்க் கிடந்த மயிர் பஞ்சுபோலப் பிரியும். பின்னர், சீ என்ற புல்லின் தண்டுகளைக் கட்டிச் செய்த நீண்ட பாயின்மேல் அம்மயிரை அடுக்கடுக்காகப் பரப்பி, கொதிநீர் தெளித்து, பாயோடு சேர்த்து இறுகச் சுருட்டிக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். அந்தச் சுருளை இழுத்து உருட்டுவதும் வரிசையாக நின்று மிதிப்பதும் நெடுநேரம் நடக்கும். பாயிலிருந்து எடுத்தபின்னும் வேலை முடிவதில்லை. பெண்கள் வரிசையாக முழந்தாளிட்டு, முழங்கைகளின்மேல் உடலின் பாரத்தைச் சுமத்தி, நீராவி எழும் ஈரக் கம்பளியை மீண்டும் மீண்டும் உருட்டி இறுக்குவார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையும் கண்ணுக்குப் புலனாகாத செதில்களால் மூடப்பட்டது. அச்செதில்கள் அடியிலிருந்து நுனியை நோக்கி ஓடு வேய்ந்தாற்போல அமைந்துள்ளன. சூடும் ஈரமும் அழுத்தமும் ஒருங்கே படும்போது இழைகள் நெகிழ்ந்து நகர்கின்றன. ஆயினும் அவை அடிப்பக்கமாக மட்டுமே முன்னேற முடியும். திரும்பி வரச் செதில் விடாது. இவ்வாறு ஒன்றின் இடையே ஒன்று புகுந்து பூட்டிக்கொண்ட இழைகளைப் பின்னர் பிரிக்க முடியாது. நுணுக்குக்காட்டியால் விஞ்ஞானி கண்ட இந்த உண்மையை, ஆயர் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே தம் முழங்கையால் அறிந்திருந்தார்கள். உழைப்பிலிருந்தே அறிவு பிறக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வாறு திரட்டிய கம்பளியிலிருந்து இருவகைக் கம்பளங்கள் உருவாகின்றன. சாயமிட்ட மயிரைக் கோலமாகப் பரப்பி அடித்தளத்தோடு சேர்த்துத் திரட்டுவது அலா-கியீஸ். மற்றையது ஷிர்தாக். இரு வேறு நிறத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒரே கோலத்தை வெட்டுவார்கள். ஒன்றில் வெட்டியெடுத்த உருவம் மற்றதன் வெற்றிடத்தில் பொருந்தும். வெட்டிய துண்டும் வீணாவதில்லை. எது உருவம், எது பின்னணி என்ற வேற்றுமையும் இல்லை. பின்னர் விளிம்புகளிற் கயிறு பதித்துத் தைத்து, வேறொரு தடித்த கம்பளியோடு சேர்த்து நெருக்கத் தைப்பார்கள். பெரியதொரு ஷிர்தாக் முடியப் பல மாதங்கள் செல்லும். முடிந்தபின் தலைமுறை கடந்து நிலைக்கும்.

இந்தத் தொழிலின் பழைமை வியப்புக்குரியது. அல்த்தாய் மலைப்பகுதியில் பாசிரிக் என்னுமிடத்துப் புதைமேடுகளை 1929இலும் பின்னர் 1947 முதல் 1949 வரையும் சோவியத் ஆய்வாளர் அகழ்ந்தபோது, பனிக்கட்டியில் உறைந்து கெடாதிருந்த திரட்டுக்கம்பளித் திரைகளும் சேணவிரிப்புகளும் வெளிப்பட்டன. அவை கிறிஸ்துவுக்கு முந்தியவை. இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. புதைமேடு குலத்தலைவனுக்கு எழுப்பப்பட்டது. அவனோடு அவன் குதிரைகளும் புதைக்கப்பட்டன. குதிரைக்குச் சேணவிரிப்பைத் திரட்டிய பெண்களைப் பற்றி அந்தப் புதைமேடு எதுவுமே சொல்வதில்லை. பிற்காலத்தில் மங்கோலியரும் கசாக்கியரும் தம் கானை அரசனாக்கியபோது அவனை வெண்ணிறத் திரட்டுக்கம்பளியில் அமர்த்தித் தூக்கினார்கள். தூக்கிய பிரபுக்களை வரலாறு குறித்து வைத்தது. தூக்குவதற்கு வேண்டிய கம்பளியை உருட்டிய முழங்கைகள் எந்த ஏட்டிலும் இல்லை.

‘இது பழங்கதை, நாகரிக உலகம் கைவினைஞரை மதிக்கிறது’ என்று சிலர் கூறலாம். நாகரிக உலகம் இதே தொழிலைத் தன் கையில் எடுத்தபோது நடந்ததென்ன என்பதையும் பார்ப்போம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனவான்கள் அணிந்த உயர்ந்த தொப்பிகள் முயல், பீவர் முதலியவற்றின் மென்மயிரைத் திரட்டிச் செய்யப்பட்டவை. ஆட்டு மயிருக்கு நீரும் சூடும் உழைப்பும் போதும். முயல் மயிரோ அவ்வளவில் இணங்காது. அதனை இணங்கச் செய்ய இரச நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார்கள். ஆவியாயும் தூசியாயும் பறந்த பாதரசம் தொழிலாளியின் உடலிற் புகுந்தது. கை நடுங்கியது, பல் உதிர்ந்தது, சித்தம் கலங்கியது. தொப்பிக்காரனைப் பைத்தியத்துக்கு உவமையாக்கி ஆங்கிலேயர் சிரித்தார்கள். கொனெற்றிக்கற் மாநிலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரின் பெயரையே இந்த நடுக்க நோய்க்கு வைத்தார்கள். நியூஜேர்சித் தொப்பித் தொழிலாளரின் நோயை 1860இலேயே மருத்துவரொருவர் அச்சில் விவரித்துவிட்டார். எனினும் அமெரிக்கத் தொப்பித் தொழிலிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டது 1941 டிசெம்பரிலேதான். காரணம் தெரிந்த பின்னரும் எண்பது ஆண்டுகள் அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அதே டான்பரித் தொழிலாளர் சங்கமமைத்து, சங்கத்தை ஏற்க மறுத்த முதலாளியொருவரின் தொப்பிகளை வாங்காதீர் என்று 1902இல் பகிஷ்காரம் தொடங்கினார்கள். முதலாளி வழக்குத் தொடுத்தார். ஏகபோக முதலாளிகளைக் கட்டுப்படுத்தவென்று 1890இல் இயற்றப்பட்ட சட்டம் தொழிலாளர்மேலேயே பாயும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. இரண்டரை இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை அதே மன்றம் 1915இல் உறுதிப்படுத்தியது. சங்க உறுப்பினரின் வீடுகளும் வங்கிச் சேமிப்புகளும் முடக்கப்பட்டன. கையின் திறமையைப் புகழ்ந்த உலகம், அக்கை சங்கமாக இணைந்து நீண்டபோது விலங்கிட்டது. கைவினைமீது முதலாளித்துவம் கொண்ட காதலின் எல்லை இதுவே.

இனிக் கிர்கீசியாவுக்கு மீள்வோம். அங்கே சோவியத் ஆட்சி செய்ததை நேர்மையாக மதிப்பிடுதல் வேண்டும். 1930களில் நாடோடி ஆயர்களை வற்புறுத்திக் கூட்டுப்பண்ணைகளில் நிலைப்படுத்தியபோது மந்தைகள் அழிந்தன. மக்கள் பெருந்துன்பம் உற்றனர். இதனை மறைப்பது முற்போக்காகாது. அதே காலத்தில் பெண்கள் எழுத்தறிந்தார்கள். ஆசிரியராயும் மருத்துவராயும் ஆனார்கள் என்பதும் உண்மை. ‘முதல் ஆசிரிய’ரில் வரும் அனாதைச் சிறுமி அல்தினாய் பிற்காலத்தில் பேரறிஞராவது வெறுங் கற்பனையன்று, ஒரு தலைமுறையின் வரலாறு. ஆலைகளுக்கு மென்மயிர் தேவைப்பட்டதால், தடித்த மயிருள்ள பழைய நாட்டாடுகளோடு மென்மயிர்க் கடாக்களைக் கலந்து புதிய இனம் உருவாக்கினார்கள். கிர்கீசிய மென்மயிர்ச் செம்மறி 1956இல் தனியினமாக ஏற்கப்பட்டது. மயிர் ஆலைக்குச் சென்றது. ஷிர்தாக் வீட்டுக்குள், திருமணச் சீதனத்துக்காகச் செய்யும் பொருளாக ஒதுங்கியது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதன்பின் நடந்தது வேறொரு பாடம். கூட்டுப்பண்ணைகள் பிரிக்கப்பட்டன; மந்தைகள் பங்கிடப்பட்டன; ரொட்டிக்கும் எரிபொருளுக்குமாக விற்கப்பட்டன; அறுத்து உண்ணப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடியாக இருந்த செம்மறிகளும் வெள்ளாடுகளும் 1990களின் நடுப்பகுதியில் 40 இலட்சத்துக்கும் கீழே இறங்கின. மயிரைக் கழுவிச் சிக்கெடுத்த ஆலைகள் பல மூடப்பட்டன. பண்ணையில் சம்பளம் பெற்ற பெண்களுக்குச் சம்பளம் இல்லாமற் போயிற்று. அப்போது அவர்களின் கையில் எஞ்சியது பாட்டி கற்பித்த கம்பளத் தொழில் ஒன்றே. அவர்கள் அதனை மீண்டும் தொட்டது மரபின் அழைப்பால் என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகவே தொட்டார்கள் என்பதே உண்மை.

பின்னர் பட்டங்கள் வந்தன. 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் அலா-கியீசையும் ஷிர்தாக்கையும் அவசரப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. கிர்கீசிய, கசாக்கியக் கம்பளிக் கூடாரத் தொழில் 2014இலும், அக்-கல்பாக் என்ற வெண்தொப்பித் தொழில் 2019இலும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளாக ஏற்கப்பட்டன. அக்-கல்பாக் ஆண்களின் தலைக்கு உரியது. கிர்கீசிய ஆணின் கௌரவச் சின்னம். அதற்கு வேண்டிய கம்பளியைத் திரட்டுவதும் தைப்பதும் பெண்களின் கைகள். தொப்பியின் பெருமை தலையைச் சேர்ந்தது. தொப்பியின் வேலை கையைச் சேர்ந்தது. இந்தப் பங்கீட்டைப் பற்றிப் பாராட்டுரை வழங்கியோர் எவரும் சங்கடப்படவில்லை.

யுனெஸ்கோவின் பட்டியலையே குறைகூறுவது நம் நோக்கமன்று. கலை அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதையும், கைவினைஞரிற் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர் என்பதையும், இளையோர் நாடுவதில்லை என்பதையும், மலிவான செயற்கைக் கம்பளங்கள் சந்தையை நிறைத்துவிட்டன என்பதையும், நல்ல மயிர் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதையும் அது எடுத்துக்கூறியது. இவை உண்மைகளே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘ஏன்’ என்ற வினா நிற்கிறது. ஆடுகளின் தொகை இன்று 60 இலட்சம் அளவுக்கு மீண்டுவிட்டது. அப்படியிருந்தும் கம்பளம் செய்பவளுக்கு நல்ல மயிர் அரிது. அதேவேளை மலைக்கிராமங்களில் வெட்டிய மயிர் விலைபோகாமல் எரிக்கப்படுகிறது, எறியப்படுகிறது, அல்லது வியாபாரியிடம் அற்ப விலைக்குப் போகிறது. மயிர் இல்லாமலில்லை, அதைத் தரம்பிரித்து, கழுவி, சிக்கெடுத்து அவள் கையில் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அந்த ஏற்பாட்டைக் கலைத்தவர்கள் மரபின் அழிவுக்காகக் கண்ணீர் வடிப்பது நல்ல நாடகம்!

இளையோர் ஏன் நாடுவதில்லை? அவர்கள் மரபை மறந்துவிட்டார்கள் என்று கைவினைப் பக்தர் பெருமூச்சு விடுகிறார். மாதக்கணக்கில் முதுகொடிந்து செய்த கம்பளத்துக்குத் தாய் பெற்ற தொகை என்னவென்பதை மகள் அறிவாள். அவள் மரபை மறந்ததாலன்று, கணக்கை மறவாததாலேயே மொஸ்கோவுக்குப் பேருந்து ஏறுகிறாள். 2010களில் பல ஆண்டுகள், வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் கிர்கீசியாவின் மொத்த உற்பத்தியில் நான்கிலொரு பங்குக்கும் மேலாக இருந்தது. கைவினையின் சிறப்பைப் பேசுவோர், அக்கைகள் வேற்று நாட்டில் தரை துடைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பற்றி ஏன் பேசுவதில்லை?

இனி நமது பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சாராரைக் கவனிப்போம். இவர்கள் வறட்டு முன்னேற்றவாதிகள். ‘கைத்தொழில் நிலமானிய சமுதாயத்தின் எச்சம், இயந்திரம் வெல்வது வரலாற்று நியதி, போவது போகட்டும்’ என்பது இவர்களின் வாதம். இயந்திரம் வெல்கிறது என்ற சொல்லே மயக்கமானது. இயந்திரம் எவரையும் வெல்வதில்லை. அதனை உடைமையாகக் கொண்டவன் உடைமையற்றவனை வெல்கிறான். செயற்கைக் கம்பளம் மலிவாயிருப்பது அதன் மேன்மையாலன்று. பெற்றோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்படுவதாலும், அதைச் செய்யும் ஆலைத் தொழிலாளியின் உழைப்பும் மலிவாக்கப்பட்டிருப்பதாலுமே. வரலாற்று நியதி என்ற பெயரால் இதற்குத் தலையசைப்பவர், சுரண்டலுக்குத் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். பக்தர் கைவினையைக் கோயிலில் வைக்கிறார்; இவர் சுடுகாட்டுக்கு அனுப்புகிறார். இருவரிடத்தும் கைவினைஞருக்கு வாழ்வில்லை.

நமது நிலைப்பாடு வேறு. கோலால் மயிரை அடிக்கும் வேலையையும் முழங்கையால் உருட்டும் வேலையையும் பொறி செய்யலாம், செய்யவும் வேண்டும். சிக்கெடுக்கும் பொறியும் உருட்டும் பொறியும் கிர்கீசியப் பட்டறைகள் சிலவற்றில் இன்றே இயங்குகின்றன. கோலத்தை நினைந்து வெட்டுவதும் நிறங்களை இணைப்பதும் தைப்பதும் மனிதக் கையினதும் கற்பனையினதும் வேலை. அது கையிலேயே இருக்கட்டும். ‘பொறி புகுந்தால் தூய்மை கெடும்’ என்று மேல்நாட்டு வாடிக்கையாளர் முகஞ்சுளிக்கலாம். ஒரு கிழவியின் மூட்டுவலியால் அளக்கப்படும் தூய்மை நமக்கு வேண்டியதில்லை. வினா ஒன்றே: பொறி யாருடையது? வியாபாரிக்கு உரியதானால் அது கூலியைக் குறைக்கும் கருவி. உழைப்பவர் கூட்டாக உடைமை கொண்டால் அது முதுகை நிமிர்த்தும் கருவி.

இது கனவன்று. கொச்கோர் என்னும் ஊரிலே பெண்கள் ‘அல்தின் கொல்’ என்ற பெயரில் ஒரு கைவினைக் கூட்டுறவை அமைத்து, தாம் செய்த ஷிர்தாக்குகளை இடைத்தரகரின்றித் தாமே விற்றுவந்துள்ளார்கள். பொற்கரம் என்பது அப்பெயரின் பொருள். கூட்டுறவு எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவில்லை. சந்தை முழுவதும் பிறர் கையில் இருக்க ஒரு கூட்டுறவு எவ்வளவு தூரம் போகும் என்பதும் சிந்திக்க வேண்டியதே. ஆயினும் விலையைத் தீர்மானிக்கும் பேச்சில் செய்தவளுக்கும் ஓர் ஆசனம் கிடைக்கும் முதற்படி அது. கழுவும் ஆலையும் சிக்கெடுக்கும் பொறியும் பொதுவுடைமையாதல், செலவழித்த நாட்களைக் கணக்கிட்டு விலை வகுத்தல், முதியோர்க்கு ஓய்வூதியம், கற்கும் இளம்பெண்ணுக்குப் படிப்புக்கால ஊதியம் ஆகியனவே கலையைக் காக்கும் உண்மையான திட்டங்கள். இவையின்றி அளிக்கப்படும் பட்டயமும் பதக்கமும் பட்டினிக்குப் போர்த்தும் பொன்னாடையே.

வெயில் காயும் நாட்டிலிருக்கும் நமக்கு ஆட்டு மயிரோடு என்ன தொடர்பு என்று யாரும் கேட்க வேண்டாம். நமது மலையகத்தின் வரலாற்றிலும் ஒரு கம்பளி உண்டு. அது நெய்த கம்பளி; திரட்டியதன்று. பனியிலும் மழையிலும் கொழுந்தெடுத்த பெண் போர்த்தியிருந்த அந்தக் கரடுமுரடான துணி, வெள்ளைத் துரைமார் காலத்தில் இனாமாகக் கிடைத்ததன்று. அதன் விலை தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டு, பின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. தேயிலையை ருசித்த சீமாட்டிக்கு அந்தக் கம்பளியின் கடன்கணக்குத் தெரியாது. ஷிர்தாக்கை வரவேற்பறையில் விரித்திருப்பவருக்கு நாரின் மலைக்கிராமத்துப் பெண்ணின் நாட்கணக்குத் தெரியாது. பொருள் கண்முன் நிற்கிறது. உழைப்பு கண்மறைவாய்ப் போகிறது. இரண்டிடத்தும் நடப்பது ஒன்றே.

ஆசிரியர்களே, மாணவர்களே, கைத்தொழிற் கண்காட்சிகளும் கலாசார விழாக்களும் நமது ஊர்களிலும் நடக்கின்றன. ‘எவ்வளவு அழகு!’ என்ற வியப்போடு அவற்றிலிருந்து திரும்புவது எளிது. அழகை வியக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உழைப்பின் அழகை வியக்கத் தெரியாதவன் முற்போக்காளன் ஆகான். ஆனால் வியப்போடு நில்லாது வினவவும் வேண்டும். இதற்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? எத்தனை நாள் சென்றது? செய்தவர் கையில் எவ்வளவு சேர்ந்தது? அவர் பெயர் ஏன் இங்கே எழுதப்படவில்லை? இந்த நான்கு வினாக்களை வகுப்பறையிற் கேட்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் நூறு கண்காட்சிகள் செய்யாத தொண்டைச் செய்தவராவார்.

ஒரு மயிரிழைக்கு வலிமையில்லை, காற்றில் பறக்கும். இலட்சம் இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொண்டால் பனிமலையில் மனிதருக்கு வீடாகும். இதனைத் தம் முழங்கையால் நாள்தோறும் மெய்ப்பிக்கும் பெண்களுக்கு ஒற்றுமையைப் பற்றி நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. அவர்களின் கம்பளத்தைப் போற்றும் உலகம் அவர்களின் கணக்கையும் தீர்க்கட்டும் என்று அவர்களோடு சேர்ந்து நின்று கேட்பதே நமது வேலை.